கடைசி அரை நிமிடம்

கோடு ஏறியிருந்தது, ஏறவே கூடாத இடத்தில்.

அவள் முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வாரம் ஒரு குழந்தைக் கதையைத் தன் குரலில் வீட்டிலேயே பதிந்து பாட்காஸ்ட்டாக வெளியிடுவாள். மறுநாள் அலுவலகத்தில் மதிய இடைவேளையின்போது, எத்தனை பேர் கேட்டார்கள், எங்கே நிறுத்தினார்கள் என்று கோடு போட்டுக் காட்டும் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காருவாள். மற்ற நேரமெல்லாம் அவளுக்குத் தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின் விற்கிற கம்பெனியில் போனில் புகார் கேட்கும் வேலை. மெஷின் ஒழுகினாலும் திட்டு அவளுக்குத்தான், ஒழுகாவிட்டாலும் திட்டு அவளுக்குத்தான். அதனால் யாரோ முகம் தெரியாதவர்கள் தன் குரலைத் திட்டாமல் கேட்கிறார்கள் என்று அந்தப் பக்கம் காட்டுவதில் அவளுக்கு ஒரு தனி சந்தோஷம்.

மற்ற பாட்காஸ்ட்காரர்களுக்குக் கோடு சரிந்தால் வயிற்றில் புளியைக் கரைக்கும். இவளுக்கு நேர்மாறு. இவள் சொல்வது தூங்கவைக்கும் கதை. பாதியில் கோடு சரிந்தால் எங்கோ ஒரு பிள்ளை கண்ணசந்துவிட்டது, அதன் அம்மா போனை அணைத்துவிட்டாள் என்று அர்த்தம். சரியச் சரிய இவளுக்கு வெற்றி. கதை முடிந்த பிறகும் அரை நிமிடம் வெறும் மௌனத்தை விட்டு வைப்பாள். அடுத்தவர் நிகழ்ச்சி தடாலென்று ஆரம்பித்து, தூங்கின பிள்ளையை எழுப்பிவிடக் கூடாதே என்கிற கரிசனம்தான்.

அந்த அரை நிமிடத்தில்தான் கோடு செங்குத்தாக ஏறி நின்றது. கேட்டவர் ஒருவர் என்று போட்டிருந்தது. அந்த ஒருவர் கதையைக் கேட்கவில்லை. கதைக்குப் பின்னால் இருந்த மௌனத்தை மட்டும் திரும்பத் திரும்ப ஓடவிட்டுக் கேட்டிருந்தார்.

அக்காவிடம் போனில் சொன்னபோது அவள் சிரித்தாள். எவனாவது போனை அணைக்காமல் தூங்கிப் போயிருப்பான் என்றாள். ஓடினால் ஒரு தடவைதானே ஓடும் என்று இவள் கேட்டதற்கு, "அப்போ நீ பேசாம இருக்கறது யாருக்கோ பிடிச்சிருக்குடி, எனக்கும்தான் பிடிக்கும்" என்றாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். அன்றைக்கு அது சிரிக்கிற விஷயமாகத்தான் இருந்தது.

மகள் வாண்டு பிறந்த வருஷமே குழந்தையின் அப்பா வேறு வாழ்க்கை பார்த்துக்கொண்டு போய்விட்டான். அதற்கப்புறம் வீட்டில் இரண்டு பேர்தான். இவளுக்கு எல்லாமே வாண்டு. ஆறு வயது வாண்டுக்கோ அம்மா குரல் இல்லாவிட்டால் தூக்கம் கிடையாது. முகம் கூடத் தேவையில்லை. இருட்டில் குரல் வந்தால் போதும், அது வருகிற பக்கமாகக் கையை நீட்டிக்கொண்டு தூங்கிவிடும். கதை பதிகிற யோசனையே அதில் பிறந்ததுதான். அலுவலகத்தில் நேரமாகிவிடும் நாட்களில் அக்கா வீட்டில் வாண்டு கேட்டுக்கொண்டே தூங்கட்டும் என்று ஆரம்பித்தது, பிறகு ஊர்ப் பிள்ளைகளுக்கும் ஆகிவிட்டது.

பதிவு நடப்பது படுக்கையறை அலமாரிக்குள். இது ஒன்றும் கிறுக்குத்தனம் இல்லை. வீட்டில் பதிகிறவர்கள் நிறையப் பேர் செய்வதுதான். தொங்குகிற துணிகள் எதிரொலியைக் குடித்துவிடும். சுவரோடு சேர்த்துக் கட்டின பழைய அலமாரி அது. நின்றால் தலை இடிக்கும், உட்கார்ந்தால் தாராளம். கதவை ஒருக்களித்துச் சாத்திக்கொண்டு, மடித்த போர்வைகளின் மேல் மைக்கை நிறுத்தி, போனில் செருகி, காதில் இயர்போனை மாட்டிக்கொண்டால், அந்துருண்டை வாசனையும் துவைத்த பருத்தித் துணியின் வாசனையும் பழைய மரத்தின் ஈர வாசனையும் சேர்ந்து, உலகம் வேறெங்கோ போய்விட்ட மாதிரி இருக்கும்.

இந்த வீட்டுக்குக் குடிவந்த அன்றைக்கே, சாமான்களைக்கூடப் பிரிக்காமல், அலமாரிக்குள் உட்கார்ந்து அறையின் மௌனத்தைப் பதிந்து வைத்தாள். சத்தம் நீக்குகிற போன் செயலிக்கு அது தேவை. யாரும் பேசாமல் கொஞ்ச நேரம் வெறும் அறையைப் பதிந்து கொடுத்தால், மின்விசிறி ஓசை, ஃப்ரிட்ஜின் முனகல் எல்லாவற்றையும் அது படித்துக்கொள்ளும். பிறகு பதிவில் அதே மாதிரி எங்கே வந்தாலும் துடைத்துவிடும். ஒவ்வொரு முறையும் புதிதாக எடுக்க வேண்டும் என்பார்கள். இவள் சோம்பலில் முதல் நாள் எடுத்ததையே இன்றுவரை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

வாரங்கள் போகப் போக அவள் குரல் பதிவில் மெலிந்துகொண்டே வந்தது. பானைக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி இருக்கிறது என்று கேட்பவர்கள் எழுதினார்கள். கோட்டின் கடைசி ஏற்றமோ மெலியவில்லை. ஒவ்வொரு கதையிலும் அதே இடத்தில் அதே ஒருவர் இருந்தார்.

சனிக்கிழமை மைக் கடைக்குப் போனாள். கடைக்காரர் பேச்சுப் பிரியர். அவளுடைய மைக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது ரொம்ப நல்ல மைக், அதுதான் தொல்லை, பக்கத்து வீட்டுச் சண்டையைக்கூட விடாது என்றார். வேறொன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். கனமாக, முரட்டுத்தனமாக இருந்தது.

"இது ஒரு சாண் தூரம்தான் கேட்கும் மேடம். அதுக்கு அந்தப் பக்கம் வீடு இடிஞ்சாலும் கண்டுக்காது, என் மச்சான் மாதிரி. கொண்டுபோய்ப் போட்டுப் பாருங்க, பிடிச்சா வச்சுக்கலாம்."

பிறகு அவள் போனிலிருந்து அந்த முதல் நாள் மௌனத்தை வாங்கித் தன் பெரிய ஹெட்ஃபோனில் கேட்டார். சத்தத்தைக் கூட்டினார். புருவம் உயர்ந்தது. ஹெட்ஃபோனைக் கழற்றி அவளிடம் நீட்டினார்.

மின்விசிறி. ஃப்ரிட்ஜ். தூரத்தில் ஏதோ வண்டி. அதற்கு நடுவில் ஒரு மூச்சு. மெதுவாக உள்ளே இழுத்து, நெடுநேரம் நிறுத்தி, மறுபடி மெதுவாக வெளியே விடுகிற மூச்சு.

"நீங்க விட்ட மூச்சையும் இது சத்தம்னு படிச்சிடுச்சு. அதான் உங்க குரலையே கொஞ்சம் கொஞ்சமா தின்னுது" என்றார் கடைக்காரர்.

"நான் மூச்சைப் பிடிச்சுக்கிட்டுதான் உட்கார்ந்திருந்தேன்."

"எல்லாரும் அப்படித்தான் மேடம் நினைப்பாங்க. புதுசா ஒண்ணு எடுத்துடுங்க. மூச்சு விடாதீங்க, பேசாதீங்க. அதுல என்ன விழுதோ, அப்புறம் அது உங்க வீட்லயே இல்லாத மாதிரி ஆயிடும்."

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அவள் அந்த நாளைத்தான் நினைத்துக்கொண்டு வந்தாள். வாண்டு அக்கா வீட்டில் இருந்தாள். சாமான் இறக்கினவர்கள் போய்விட்டார்கள். அவள் வாயைப் பொத்திக்கொண்டு, கன்னம் வலிக்க மூச்சை அடக்கியிருந்தாள். அதில் சந்தேகமே இல்லை. அப்படியானால் இத்தனை கதைகளிலும் அந்த மூச்சு இருந்திருக்கிறது. கருவி ஒவ்வொரு முறையும் அதைத் துடைத்துத் துடைத்து அவளிடமிருந்து மறைத்து வந்திருக்கிறது.

சாயங்காலம் மேகம் கட்டி, விளக்குப் போடும் நேரத்துக்கு முன்பே வீடு இருண்டுவிட்டது. வாண்டு கூடத்துத் தரையில் படுத்துக்கொண்டு கலர் பென்சிலால் வரைந்துகொண்டிருந்தாள். இவள் சமையலறையில் நின்று புது மைக்கைப் போனில் செருகி, மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். ஒன்றும் இல்லை. அடுப்பில் பால் கொதிக்கிற சத்தம்கூட மைக்கில் வரவில்லை. கூடத்தில் கேட்டாள். ஒன்றும் இல்லை. கடைக்காரர் சரியாகத்தான் சொன்னார் என்று மனசு லேசானது. கையோடு புது மௌனத்தையும் எடுத்து முடித்துவிடலாம் என்று அலமாரிக்குள் போய் உட்கார்ந்தாள். பதிவை அழுத்தினாள். வாயை மூடிக்கொண்டாள்.

மூச்சு கேட்டது.

காதுக்குள், இயர்போனில், நிதானமாக. உள்ளே. வெளியே.

ஒரு சாண் தூரத்துக்குமேல் கேட்காத மைக் அது. அவள் அதை இடது பக்கம் திருப்பினாள். மூச்சு தேய்ந்தது. வலது பக்கம் திருப்பினாள். தேய்ந்தது. பின்சுவரில் கை வைத்துப் பார்த்தாள். யாரோ இப்போதுதான் எழுந்துபோன நாற்காலியின் சூடு அதில் இருந்தது. மைக்கைத் தன் முகத்துக்கு நேராகத் திருப்பினாள்.

தெளிவாகக் கேட்டது. அவள் வாய்க்கும் மைக்குக்கும் நடுவில்.

அதற்குமேல் அவளால் அடக்க முடியவில்லை. மூச்சு வெடித்து வெளியே வந்தது, இரைத்தது. யாரு, யாரு என்று கேட்டாள். வாண்டு என்று கூப்பிட்டாள். வேர்த்த விரல் போன் திரையில் எங்கோ பட்டது. கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே விழுந்து, அலமாரியின் தாழ்ப்பாளைப் போட்ட பிறகுதான் திரையைப் பார்த்தாள். புதிய மௌனம் சேமிக்கப்பட்டது என்று இருந்தது. இயர்போனோடு மைக்கும் போனிலிருந்து கழன்று உள்ளேயே விழுந்து கிடந்தது. அதை எடுக்க அவளுக்குத் துணிவு இல்லை.

அக்காவுக்குப் போன் செய்து, இப்பவே வண்டியை எடுத்துக்கொண்டு வா, இன்றைக்கு உன் வீட்டில் படுத்துக்கொள்கிறோம், எதுவும் கேட்காதே என்றாள். அக்கா கேட்டுத்தான் பார்த்தாள். பிறகு, சாவியை எடுத்துக்கொண்டு கிளம்புகிறேன் என்று போனை வைத்தாள்.

இரண்டு உடுப்பும் வாண்டுவின் பல் துலக்கும் பிரஷும் ஒரு பையில் போயின. அலமாரியில் இருந்த துணிகள் அங்கேயே கிடக்கட்டும். சோபாவில் வாண்டுவைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு கதவைப் பார்த்தபடி இருந்தாள். வெளியே மழை தொடங்கவில்லை, தொடங்கப்போகிற காற்று மட்டும் ஜன்னலை ஆட்டிக்கொண்டிருந்தது. சும்மா இருக்க முடியாத கை, பழக்க தோஷத்தில் கோடு காட்டும் அந்தப் பக்கத்தைத் திறந்தது.

கோடு மாறியிருந்தது. கடைசி ஏற்றம் மட்டுமில்லை. பழைய கதைகள் எல்லாவற்றிலும், நடு நடுவே, முள் மாதிரி மெல்லிய ஏற்றங்கள். ஒவ்வொன்றும் ஒரு நொடி அகலம்தான். கேட்டவர் ஒருவர். அவள் முதல் முள்ளின்மேல் விரலை வைத்து அந்த இடத்தை மட்டும் ஓடவிட்டாள்.

"கண்ணு" என்றது அவள் குரல்.

அடுத்த கதை. அடுத்த முள். "சமத்து."

அடுத்தது. "தூங்கலாமா?"

அடுத்தது. "அம்மா இங்கதான் இருக்கேன்."

யாரோ படிக்கிறார்கள். பாடம் மனப்பாடம் செய்கிற பிள்ளை ஒரே வரியைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்க்கிற மாதிரி, அவள் குரலை ஒவ்வொரு வார்த்தையாக எடுத்துப் பழகிக்கொண்டிருக்கிறார்கள். குரல் இருந்தால் போதும் என்று கையை நீட்டுகிற பிள்ளை வாண்டு. முகம் கூட வேண்டாம் அவளுக்கு.

எல்லாவற்றையும்விட உயரமான முள் ஒன்று பாக்கி இருந்தது. பூனைக் கதையில். அந்தப் பதிவின்போது வாண்டு வெளியே நின்று குறுக்கே பேசிவிட்டாள். வெட்டியெறிய மனசு வராமல் அதை அப்படியே விட்டிருந்தாள். அழுத்தினாள்.

"அம்மா, இங்க வாயேன்."

வாண்டுவின் குரல். இதை எதற்குப் பழக வேண்டும்?

அவள் நிமிர்ந்தாள். பக்கத்தில் சோபா காலியாக இருந்தது. கலர் பென்சில் மட்டும் உருண்டு கிடந்தது.

"அம்மா, இங்க வாயேன்."

இந்தத் தடவை போனிலிருந்து இல்லை. படுக்கையறையிலிருந்து.

ஓடினாள். விளக்கைப் போடக்கூட நிற்கவில்லை. தாழ்ப்பாள் திறந்திருந்தது. அலமாரிக் கதவு ஒருக்களித்து இருந்தது. உள்ளே போர்வைகளின் மேல், மங்கலாக, வாண்டுவின் மஞ்சள் கவுன். அவள் குனிந்து உள்ளே புகுந்து இரண்டு கையாலும் அதை அள்ளினாள்.

கவுன் மட்டும்தான்.

கதவு சாத்திக்கொண்டது. மெதுவாக. தாழ்ப்பாள் விழுந்தது.

இருட்டு. அந்துருண்டை. மரத்தின் ஈரம். வெளியே குளியலறையில் குழாயை மூடுகிற சத்தம். சின்னக் கால்கள் ஈரத்தோடு நடந்து வருகிற சத்தம்.

"அம்மா, கை கழுவிட்டேன். கலர் எல்லாம் போயிடுச்சு."

"சமத்து" என்றது அவள் குரல், அறைக்கு நடுவிலிருந்து. "வா கண்ணு."

அவள் கத்தினாள். தொண்டை கிழிகிற மாதிரி கத்தினாள். கதவை அறைந்தாள். கையிலிருந்த போனில் பதிவு ஓடிக்கொண்டிருந்தது. அவள் அழுத்தவில்லை. போனில் செருகாமலேயே, கால்மாட்டில் கிடந்த மைக் அவளைக் கேட்டுக்கொண்டிருந்தது. திரையில் குரல் வருகிறபோதெல்லாம் குதிக்க வேண்டிய கோடு நேராக ஓடியது. அதன் கீழே சின்ன எழுத்தில், புதிய மௌனம் பயன்பாட்டில் உள்ளது.

அவள் மூச்சு. அவள் இரைப்பு. யாரு என்று அவள் கேட்டது. வாண்டு என்று கூப்பிட்டது. எல்லாம் அந்தப் புது மௌனத்தில் விழுந்திருந்தது.

அக்காவுக்குப் போன் போட்டாள். மணி வெளியே, வாசலுக்குப் பக்கத்திலேயே அடித்தது.

"ஹலோ? ஹலோ?" அக்காவின் குரல் போனிலும் கதவுக்கு அப்பாலும் சேர்ந்து வந்தது. அக்கா, அக்கா, அது நான் இல்லக்கா என்று இவள் அலறினாள். "என்னடி இது, உன் போன்லேர்ந்துதான் கால் வருது. ஒரு சத்தமும் இல்ல."

"எங்கயோ துணிக்கு அடியில அமுங்கியிருக்கும்கா. அப்புறம் தேடிக்கலாம்" என்றது வெளியிலிருந்து அவள் குரல்.

"என்னமோ உயிர் போற மாதிரி கூப்பிட்டே?"

"அலமாரியில ஏதோ சத்தம் வந்துச்சுக்கா. இப்போ நின்னுடுச்சு."

அக்கா சிரித்தாள். எலியாக இருக்கும் என்றாள். கதவிடுக்கில் இழையாகத் தெரிந்த வெளிச்சத்தை ஒரு நிழல் மறைத்தது. குட்டையான நிழல். வாண்டு கதவில் காதை வைத்திருந்தாள். கலர் பென்சில் வாசனையும் சோப்பு வாசனையும் இடுக்கு வழியாக வந்தன. அவள் அதில் வாயை வைத்தாள். உதடு மரத்தில் உரச, கத்தாமல், தினமும் தூங்கவைக்கிற குரலில் சொன்னாள்.

"வாண்டு. அம்மா இங்கதான் இருக்கேன்."

ஒரு கணம். இரண்டு பேரின் மூச்சும் ஒரே இடுக்கில்.

"ஒண்ணும் கேட்கலைம்மா" என்றாள் வாண்டு. நிழல் விலகியது.

பையை எடுக்கிற சத்தம். செருப்பு. வாசல் பூட்டு. வண்டி கிளம்பியது. மழை பிடித்துக்கொண்டது. அவள் போன் செய்யாத ஆளில்லை. எல்லாரும் ஹலோ, ஹலோ என்றுவிட்டு வைத்தார்கள். அப்புறம் எத்தனை பகல் போயிற்று, எத்தனை இரவு போயிற்று என்று அவளுக்குத் தெரியாது. அவளுக்குப் பசிக்கவில்லை. போனில் சார்ஜ் குறையவில்லை.

பிறகு ஒருநாள் திரை வெளிச்சமாயிற்று. அவள் பாட்காஸ்ட்டில் புதுக் கதை வந்திருந்தது.

அவள் தொடவே கூடாது என்று நினைத்தாள். தொட்டாள். தன் குரலைக் கேட்டாள். எவ்வளவு அழகான குரல், பானைக்குள்ளிருந்து பேசுகிற மாதிரியே இல்லை. கதை முடிந்தது. மௌனம் வந்தது. அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். அந்த மௌனத்தின் அடியில், துடைத்தும் போகாமல், தூங்குகிற ஒரு குழந்தையின் மூச்சு இருந்தது. லேசாக மூக்கடைத்த, வாய் திறந்த மூச்சு. அவளுக்குத் தெரியாத மூச்சா அது?

அரை நிமிடம் முடிந்தது. அவள் விரலால் பின்னுக்கு இழுத்து மறுபடி கேட்டாள். மறுபடி. மறுபடி. வேறெதையும் கேட்கவில்லை.

திரையில், கேட்டவர் ஒருவர். கதை முழுவதும் தாழ்ந்தே வந்த கோடு கடைசி அரை நிமிடத்தில் மட்டும் செங்குத்தாக ஏறி நின்றது.